மூன்று மாதத்துக்கு ஆறு ஆண்டு: செவிலியர் விருப்பப் பயிற்சியின் வரலாறு

செவிலியர் கல்வியில் 'விருப்பப் பயிற்சி' எனப்படுவது, மாணவி ஒருத்தி தன் படிப்பின் பிற்பகுதியில் சில வாரங்களுக்கு எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எத்தகைய நோயாளிகளிடம் பணி பழகுவது என்பதைத் தானே தேர்ந்துகொண்டு, அதற்கான அனுமதி, செலவு, தங்குமிடம், தடுப்பூசி ஆகியவற்றையும் பெரும்பாலும் தானே ஏற்பாடு செய்துகொள்ளும் பயிற்சியாகும். மேலைநாட்டுக் கல்லூரிகளில் இது 'எலெக்டிவ்' என்ற பெயரால் வழங்குகிறது. தமிழ்நாட்டுச் செவிலியர் பள்ளிகளின் அன்றாடப் பேச்சில் புழங்கும் 'போஸ்டிங்' என்ற சொல்லோ இதற்கு நேர் எதிரானது. போஸ்டிங் என்பது போடப்படுவது, அதாவது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் பெயருக்கு நேரே எந்த வார்டு எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே போய் நிற்பது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கச் செவிலியர் கல்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்துக்கான காரணத்தைப் பாடத்திட்டங்களில் தேடுவதைவிட மருத்துவமனைகளின் வரவுசெலவுக் கணக்கில் தேடுவதே பொருத்தமாகும்.

இத்துறையின் தோற்றத்திலேயே ஒரு முரண் உண்டு. நவீனச் செவிலியர் பயிற்சியை நிறுவியவராகப் போற்றப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், தாம் பெற்ற பயிற்சி அனைத்தையும் தாமே தேடி, தாமே திட்டமிட்டுப் பெற்றவர். 1845இல் சால்ஸ்பரி நகர மருத்துவமனையில் மூன்று மாதம் தங்கிப் பணி பழக அவர் வகுத்த திட்டத்தைப் பெற்றோர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டனர். மருத்துவமனைச் செவிலியர் என்றாலே குடியும் ஒழுக்கக்கேடும் சேர்த்துப் பேசப்பட்ட அக்காலத்தில், செல்வக் குடும்பத்துப் பெண் வார்டில் கால் வைப்பது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்றே கருதப்பட்டது. மறு ஆண்டு, இலண்டனில் பிரஷ்யத் தூதராயிருந்த பன்சன் வழியாக, ரைன் ஆற்றங்கரையில் டூசல்டார்ஃபை அடுத்த கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியோடோர் ஃபிளீட்னர் என்ற போதகர் 1836இல் தொடங்கியிருந்த தொண்டு நிலையத்தின் ஆண்டறிக்கை அவர் கைக்கு வந்தது. அங்கே நோயாளிகளையும் அனாதைக் குழந்தைகளையும் சிறைமீண்ட பெண்களையும் கவனித்துவந்தவர்கள் 'டீக்கனஸ்' எனப்பட்ட திருத்தொண்டியர், அதாவது வாழ்நாள் துறவு உறுதிமொழி ஏற்காமல் சபைத் தொண்டில் ஈடுபட்ட சீர்திருத்தக் கிறித்தவப் பெண்கள். மருத்துவமனை என்றால் முகம் சுளிக்கும் குடும்பம், சமயத் தொண்டு நிலையம் என்றால் சற்றே இறங்கிவரக்கூடும் என்ற கணிப்பு நைட்டிங்கேலுக்கு இருந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த ஆண்டுகளை அவர் காத்திருப்பில் மட்டும் கழிக்கவில்லை. வீட்டார் எழுவதற்கு முன், விடியலுக்கு முந்தைய குளிரில், மருத்துவமனை அறிக்கைகளையும் அரசின் சுகாதார விசாரணை ஏடுகளையும் படித்துக் குறிப்பேடுகளை நிரப்பி, காலை உணவுக்கு மணி அடித்ததும் ஒன்றும் அறியாதவர் போல் மேசைக்கு வந்து அமர்ந்தார். 1850இல் எகிப்து, கிரேக்கப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் கைசர்ஸ்வெர்த்தில் இரண்டு வாரம் தங்கிப் பார்த்தார். இது இன்றைய வழக்கில் முன்னோட்டப் பார்வை எனத்தக்கது. 1851 சூலை முதல் அக்டோபர் வரை, தாயும் தமக்கையும் நீர்ச் சிகிச்சைக்காக வேறோர் ஊரில் தங்கியிருந்த காலத்தில், மூன்று மாதப் பயிற்சி கைகூடியது. சால்ஸ்பரியில் கேட்ட மூன்று மாதம் கிடைக்க ஆறு ஆண்டு ஆயிற்று என்று இதைக் கணக்கிடலாம்.

அங்கிருந்து அவர் தாய்க்கு எழுதிய கடிதம் அந்நிலையத்தின் நாள்முறையை நிமிடக் கணக்கில் தருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுதல், ஆறுக்குக் கால் மணி முன்னதாக முதல் உணவு, நோயாளிகளுக்குப் பதினொன்றுக்கும் தொண்டியருக்குப் பன்னிரண்டுக்கும் நண்பகல் உணவு, பிற்பகலில் தேநீர் என்ற பெயரில் ரை என்னும் தானியத்தை அரைத்துக் காய்ச்சிய நீர், ஏழு மணிக்கு இரவு உணவு. ஒவ்வொரு வேளைக்கும் ஒதுக்கப்பட்டது பத்து நிமிடம். இத்தனை கடுமைக்கும் அவர் அங்கே மனநிறைவுடன் இருந்தார். ஆயினும் முதுமையில் திரும்பிப் பார்த்தபோது, கைசர்ஸ்வெர்த்தில் செவிலியம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை, சுகாதாரமோ மிக மோசம், ஆனால் அதைவிட உயர்ந்த தொண்டுள்ளத்தை வேறெங்கும் கண்டதில்லை என்று ஒளிவின்றி எழுதினார். விருப்பப் பயிற்சிக்குச் சென்று வந்தவர்கள் எழுதியவற்றுள் இத்தனை நேர்மையான மதிப்பீடு அரிது. பயிற்சி அறிக்கை எழுதும் மாணவிகள் பெரும்பாலும் இரண்டாவது பாதியோடு நிறுத்திக்கொள்வர். 1853இல் பாரிசுக்குச் சென்று, அந்நகர மருத்துவமனைகளைப் பார்வையிட அதிகார அனுமதி பெற்று, செவிலியர் ஏற்பாடுகள் பற்றிய வினாப் படிவங்களைத் தொகுத்து, இரக்கச் சகோதரிகளின் இல்லத்தில் தங்கிப் பழகத் தொடங்கியபோது, இரு வாரத்துக்குள் தட்டம்மை கண்டு படுத்துவிட்டார். பயிற்சி மாணவி நோயாளியாகிவிடும் இந்நிலை பின்னர் ஒரு தனி வரலாறாகவே வளர்ந்தது.

முரண் தொடங்குவது இதன் பின்னரே. கிரிமியப் போரில் அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டிப் பொதுமக்கள் திரட்டித் தந்த 44,000 பவுனுக்கு மேற்பட்ட நிதியைக்கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கப்பட்டபோது, அதில் சேர்ந்த 15 பயிற்சியாளருக்கு இடத்தைத் தாமே தேரும் உரிமை எதுவும் தரப்படவில்லை. 'புரொபேஷனர்', அதாவது தகுதி ஆய்வுக் காலத்தில் இருப்பவர், என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு உணவும் உறைவிடமும் சீருடையும் ஆண்டுக்கு 10 பவுனும் தரப்பட்டன. செவிலியர் தலைவியான மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார் மாதந்தோறும் அவர்களுடைய நேரந்தவறாமை, அமைதி, தூய்மை, புண் கட்டும் திறன் ஆகியவற்றை அச்சிட்ட படிவத்தில் மதிப்பிட்டார். ஓராண்டுப் பயிற்சிக்குப்பின், நிதிக்குழு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறதோ அங்கே சில ஆண்டுகள் பணியாற்றியாக வேண்டும் என்பது சேர்க்கை உடன்படிக்கை. தாம் எங்கே கற்பது என்பதைத் தாமே தீர்மானிக்க ஆறு ஆண்டு போராடியவர் அமைத்த பள்ளியில், கற்பவர் எங்கே போவது என்பதைப் பிறர் தீர்மானித்தனர். இதை அவருடைய குறையாகக் கொள்வது முழுதும் சரியன்று. செவிலியரின் நற்பெயரே ஐயத்துக்கு உள்ளாகியிருந்த சமூகத்தில், கண்காணிப்பு என்னும் வேலியின்றி எந்தப் பெற்றோரும் தம் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் இம்முறை உலகெங்கும் பரவியதற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமன்று, சிக்கனமும்தான். செவிலியர் பள்ளி ஒன்றைத் திறந்தால் சம்பளம் இல்லாமலோ பெயரளவுச் சம்பளத்திலோ வார்டுகளை இரவும் பகலும் நடத்தலாம் என்பதை மருத்துவமனை நிர்வாகங்கள் விரைவிலேயே கண்டுகொண்டன. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நூற்றுக்கணக்கான பள்ளிகள் முளைத்ததும், அவற்றுள் பல இருபது முப்பது படுக்கை கொண்ட சிறு மருத்துவமனைகளில் நடந்ததும் இதனால்தான். மாணவி வார்டைவிட்டு ஒரு மாதம் வெளியே போனால் அந்த இடத்துக்குச் சம்பளக்காரர் ஒருவரை வைக்க வேண்டும். ஆகவே அவள் போகவில்லை. போக விரும்பியவர்கள் பட்டம் பெற்றபின் போயினர். அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற செவிலியர் எனப்படும் லிண்டா ரிச்சர்ட்ஸ், 1873இல் தேர்ச்சி பெற்று, பாஸ்டனில் பயிற்சிப் பள்ளி ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்; தாம் கற்றது போதாது என்று கருதி அப்பொறுப்பை விட்டு 1877இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, செயின்ட் தாமஸ், கிங்ஸ் காலேஜ், எடின்பரோ அரச மருத்துவமனை ஆகியவற்றின் வார்டுகளில் மீண்டும் கற்பவராக நின்று, நைட்டிங்கேலையும் சந்தித்துத் திரும்பினார்.

மாணவி தன் பள்ளியைவிட்டு வேறிடம் சென்று பயிலும் வழியைத் திறந்தது கருணையன்று, சட்டம். 1903இல் வட கரோலினாவில் தொடங்கி மாநிலந்தோறும் வந்த செவிலியர் பதிவுச் சட்டங்களையொட்டி, பதிவு பெற விழைபவர் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் ஆகியவற்றில் பழகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வலுத்தபோது, மகப்பேறு வார்டு இல்லாத சிறு மருத்துவமனைகள் தம் மாணவியரை அது உள்ள இடத்துக்குச் சில மாதம் அனுப்பும் 'இணைப்புப் பயிற்சி' முறை பரவிற்று. நியூயார்க்கில் செவிலியர் லிலியன் வால்டு 1893இல் தொடங்கிய ஹென்றி தெரு இல்லம் போன்றவை, வார்டை விட்டு வீட்டுப்படி ஏறிச் செய்யும் பொதுச் சுகாதாரச் செவிலியத்துக்குப் பயிற்சிக்களமாயின. மருத்துவமனையின் வேலைத் தேவையும் மாணவியின் கல்வித் தேவையும் ஒன்றல்ல என்பதை செவிலியர் கல்வி குறித்து 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை வெளிப்படையாகச் சொல்லிற்று. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஆனி குட்ரிச் தலைமையில் தொடங்கிய பள்ளி, மருத்துவமனையின் வேலைப்பட்டியலிலிருந்து மாணவியின் நேரத்தை மீட்கும் முயற்சியாக அமைந்தது.

வெளியே போவதற்கான ஆயத்தம் என்பது உடலையும் சார்ந்தது என்பதை உணர்த்தியவை மாணவியரின் நோய்களே. லிவர்பூல் ஏழையர் இல்ல மருத்துவமனையில் செவிலியப் பணியைச் சீரமைத்த ஆக்னஸ் ஜோன்ஸ், கைசர்ஸ்வெர்த்திலும் செயின்ட் தாமஸிலும் பயின்றவர், 1868இல் டைபஸ் காய்ச்சலால் இளம் வயதில் மாண்டார். தியாகம் என்று மட்டும் பேசப்பட்ட இத்தகைய இழப்புகளை எண்ணிக்கையாக மாற்றியவர் ஆஸ்லோ நகர உல்லெவோல் மருத்துவமனையின் மருத்துவர் யொஹானஸ் ஹைம்பெக். காசநோய்க் கிருமியின் சாற்றைத் தோலில் இட்டு, முன்பே தொற்று ஏற்பட்டுள்ளதா என்று அறியும் டியூபர்குலின் சோதனையை அவர் 1924 முதல் செவிலிய மாணவியருக்குச் செய்தபோது, சேரும்போது ஏறத்தாழப் பாதிப் பேரிடம் தொற்றின் அடையாளமே இல்லை என்பதும், மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் அநேகமாக அனைவரிடமும் அது காணப்பட்டது என்பதும், நோய்வாய்ப்பட்டவர்கள் பெரும்பாலும் தொற்றில்லாமல் வந்து சேர்ந்தவர்களே என்பதும் தெரியவந்தன. வலிமையான கிராமத்துப் பெண்ணுக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கை அங்கே தலைகீழாயிற்று. காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியை மாணவியருக்கு இடும் வழக்கம் இந்த ஆய்வுகளின் வழியாக வலுப்பெற்றது. 1980களில் மஞ்சட்காமாலை பி வகைக்குத் தடுப்பூசி வந்ததும், எச்ஐவி அச்சம் பரவியதும், விருப்பப் பயிற்சிக்குக் கிளம்பும் மாணவியின் பயணப்பையில் ஊசி குத்துப்பட்டால் உடனே உட்கொள்ளும் மாத்திரைப் பொட்டலத்துக்கும் இடம் தந்தன.

இந்தியாவில் கதை சென்னையைத் தொட்டே தொடங்குகிறது. 1854இல் மருத்துவச்சிகளுக்கும், 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் பயிற்சி தொடங்கிற்று. பிந்தையதில் முதலில் சேர்ந்தவர்கள் மகப்பேற்றுப் பயிற்சியை முன்பே முடித்தவர்கள். வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளியின் சிறப்பு, வார்டுக்கு வெளியே கற்றல் என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே கண்முன் நடந்ததாகும். குடியாத்தம் சாலையில் குறித்த நாளில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காத்திருக்கும் மக்களுக்கு மருந்து தந்து, அடுத்த மரத்தடிக்கு நகர்ந்த அந்தச் சாலையோரச் சிகிச்சையில், மருத்துவமனைக்கு வரமுடியாத நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதைக் காண வழியிருந்தது. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தோன்றிற்று. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து அதே ஆண்டு வெளியான போர் (Bhore) குழு அறிக்கையின் கணக்குப்படி, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். இந்தப் பற்றாக்குறையில் மாணவியின் ஒவ்வொரு மணிநேரமும் வார்டுக்குப் பெறுமதியுடையதாயிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியச் செவிலியர் மன்றம் பயிற்சி மணிநேரங்களை வரையறுத்தபோதும், பயிலும் இடத்தை மாணவி தானே தேர்வதற்கு நெடுங்காலம் வழி இல்லை.

பிரிட்டனில் திருப்பம் 1986இல் முன்வைக்கப்பட்டு 1989 முதல் நடைமுறைக்கு வந்த 'புராஜெக்ட் 2000' திட்டத்தால் வந்தது. மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து உயர்கல்விக்குச் செவிலியப் படிப்பை நகர்த்திய அத்திட்டத்தின் மையச் சொல் 'சூப்பர்நியூமரரி', அதாவது எண்ணிக்கைக்கு மேற்பட்டவர். மாணவி அன்று வராவிட்டாலும் வார்டு ஓட வேண்டும் என்பது அதன் பொருள். படிப்பின் பெரும்பகுதியில் இந்நிலை உறுதியானதும், அவள் சில வாரம் வேறிடம் போவதால் வார்டுக்கு நேரும் இழப்பு இல்லாமற் போயிற்று. மருத்துவ மாணவர்களிடையே முன்பே ஊன்றிவிட்ட விருப்பப் பயிற்சி செவிலிய மாணவியருக்கும் எட்டியது இந்தச் சூழலில்தான். கூடவே ஆயத்த வேலைகளும் பெருகின: பல மாதம் முன்பே அனுமதி கேட்டு எழுதுதல், எதைக் கற்கப்போகிறோம் என்பதைக் கற்றல் நோக்கங்களாக எழுதிப் பேராசிரியரிடம் ஒப்புதல் பெறுதல், காப்பீடு, விசா, தடுப்பூசி அட்டை, திரும்பியபின் அறிக்கை. இவற்றுள் மாணவியர் மிகக் குறைவாக மதிப்பதும், ஏற்கும் மருத்துவமனைகள் முதலில் கேட்பதும் கற்றல் நோக்கங்களைத்தான். அது தெளிவாக இல்லாத இடத்தில், பார்வையாளராக வந்தவர் தமக்குத் தகுதியில்லாத வேலையைக் கையில் எடுக்கும் தவறு எளிதில் நேர்கிறது.

2021இல் வெளியான இந்தியச் செவிலியர் மன்றத்தின் புதிய பாடத்திட்டம் பருவ முறையையும் விருப்பப் பாடங்களையும் கொண்டுவந்தது. ஆனால் நீரிழிவு நோயாளர் கவனிப்பு, தாய்ப்பாலூட்டல் மேலாண்மை, அறிவியல் எழுத்து என்று நீளும் அப்பட்டியலில் மாணவி தேர்வது பாடத்தையே அன்றி இடத்தை அன்று. இடம் இன்னும் போஸ்டிங் பட்டியலின் பொறுப்பில்தான் உள்ளது. அந்தப் பட்டியல்படி கிராமத்துக்குப் போகும் மாணவி, திண்ணையிலோ நாற்காலியிலோ செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் தன் பையை வைத்து, மேலாக இருக்கும் சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்துக் கைகழுவி வந்த பின்னரே பையின் உட்புறத்தைத் தொடுகிறாள். தூய்மையான கையன்றி வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்பது 'பை நுட்பம்' எனப்படும் இம்முறையின் விதி. வெளிநாட்டு மாணவர்களை விருப்பப் பயிற்சிக்கு ஏற்கும் வேலூர் போன்ற இடங்களில், ஓராண்டு திட்டமிட்டு வந்த வேற்றுநாட்டவருக்கும் பட்டியலில் பெயர் கண்டு வந்த உள்ளூர் மாணவிக்கும் அதே திண்ணையே வகுப்பறை. ஒருவருடைய குறிப்பேட்டில் அது எலெக்டிவ் என்றும், மற்றவருடையதில் கம்யூனிட்டி போஸ்டிங் என்றும் பதிவாகிறது.