சோலைபாடியும் ஒலிப்பதிவும்

பேராக் மாநிலத்துப் பீடோருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் எழுகின்றது. இத்தகைய மலையடிவாரக் காடுகளில் வாழும் இன்னிசைப் பறவை சோலைபாடி. மலாய் மொழியில் இதனை முராய் பத்து என்பர்.

பறவைக் குரலைப் பதிவு செய்த வரலாறு இப்பறவையோடுதான் தொடங்குகின்றது. 1889ஆம் ஆண்டில், ஜெர்மனியில் லுட்விக் கோக் என்னும் சிறுவன், கூண்டிலிருந்த சோலைபாடியின் பாட்டை எடிசன் கருவியின் மெழுகு உருளையில் பதிந்தான். அறியப்பட்ட பறவை ஒலிப்பதிவுகளுள் மிகப் பழையது இதுவே என்பர்.

இன்றோ, மரத்திற் கட்டிய சிறு கருவி, ஆளின்றியே இரவும் பகலும் காட்டொலியைப் பதிகின்றது. செயற்கை நுண்ணறிவு அவ்வொலியை வரைபடமாக்கி, அதன் வடிவங்கொண்டு பறவையை இனங்காண்கின்றது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய ‘பேர்ட்நெட்’ இவ்வகையினது. ஆயினும், குரலறிந்தோர் பெயரிட்டுத் தந்த பதிவுகளைக் கொண்டே அது கற்கின்றது.

இனிய குரலே சோலைபாடிக்குப் பகையாயிற்று. பாட்டுக்காகத் தென்கிழக்காசியாவெங்கும் அதனைப் பிடித்துக் கூண்டிலடைக்கின்றனர். பறவை குறைந்த காடும் பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும். ஆண்டுதோறும் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால் குறை புலப்படும். எனவே, குரல் கேட்டே பறவையைச் சொல்லும் காட்டோர மக்களின் செவியறிவும் பதிவோடு சேர்த்துக் காக்கப்படல் வேண்டும்.