குழாயில் ஒட்டிய எண்ணெய்

முப்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். குளோரின் பாடம் வந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, 1823 மார்ச்சில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

குளிர்ந்த நீரில் குளோரினைச் செலுத்தினால் வெளிர்மஞ்சள் படிகங்கள் உண்டாகும். அவற்றைத் திடக் குளோரின் என்றே நம்பியிருந்தார்கள். உள்ளே தண்ணீரும் உண்டு என்று நிரூபித்தவர் ஹம்ப்ரி டேவி. அவருடைய உதவியாளர் மைக்கேல் பாரடேக்கு அப்போது 31 வயது. படிகத்தை ஈரம் உறிஞ்சும் தாளில் அழுத்தி உலர்த்தினார். கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி அடைத்தார். 15 டிகிரி வெப்பத்தில் ஒன்றும் ஆகவில்லை. 38 டிகிரியில் படிகம் உருகி, குழாய் முழுக்க மஞ்சள் புகை. அடங்கியதும் பார்த்தால் இரண்டு திரவங்கள். முக்கால் பங்கு தண்ணீர் போல. அதற்கு அடியில் கால் பங்கு, கனமாக, பளீரென்ற மஞ்சளில், மேலே உள்ளதோடு கலக்காமல் கிடந்தது.

அங்கே வந்த டாக்டர் பாரிஸ் என்பவர் அதைப் பார்த்து, "எண்ணெய் ஒட்டிய குழாயிலா சோதனை செய்வது?" என்கிற மாதிரி கடிந்துகொண்டார். பாரடே நுனியை அரத்தால் அறுத்தார். பட்டென்று வெடித்தது, எண்ணெயைக் காணோம். நேற்று நீங்கள் கண்டது திரவக் குளோரின் என்று மறுநாள் காலை பாரிஸுக்குச் சீட்டு போயிற்று. தாம் ஏமாந்த இந்தக் கதையை 1831-இல் டேவியின் வாழ்க்கை வரலாற்றில் பாரிஸே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்தப் படிகத்தில் நீர் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்டியிருக்கின்றன. குளோரின் உள்ளே தங்கும் விருந்தாளி. வீட்டோடு அதற்கு வேதிப்பிணைப்பு கிடையாது; வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். சூடு பட்டுக் கூண்டு கலைந்தால் விருந்தாளி கிளம்பிவிடும். திறந்த பாத்திரமானால் காற்றோடு போயிருக்கும். அடைத்த குழாயில் போக்கிடம் இல்லாததால், தன் அழுத்தத்தாலேயே நெருங்கித் திரவமானது. இப்படிப்பட்ட சேர்மங்களுக்கு 1948-இல் பவல் என்ற ஆய்வாளர் 'கிளாத்ரேட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் கம்பியடைத்தது என்று பொருள். குளோரின் கூண்டின் வடிவத்தை பாலிங்கும் மார்ஷும் 1952-இல் எக்ஸ்ரே மூலம் கண்டறிந்தார்கள்.

அந்த மார்ச்சிலேயே பாரடேயின் இன்னொரு குழாய் வெடித்தது. சில்லுகள் சன்னல் கண்ணாடியைத் துளைத்துப் போயின. அவர் கண்கள் புண்பட்டன. ஆனாலும் விடவில்லை. அம்மோனியா, கந்தக டைஆக்சைடு என்று அடுத்தடுத்து வாயுக்களைத் திரவமாக்கிக் காட்டினார். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாத பிள்ளைகளை அடுப்புப் பக்கம் நான் விட்டதே இல்லை.