கான்ஃபிகர்

சி மொழியில் எழுதிய மூல நிரலைக் கம்பைல் செய்வதற்கு முன்பு, கணினியில் எந்தத் தலைப்புக் கோப்புகள், எந்த நூலகங்கள், எந்தச் செயற்கூறுகள் இருக்கின்றன என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற மேக்ஃபைலை எழுதித் தரும் ஷெல் ஸ்கிரிப்ட். யூனிக்ஸிலோ லினக்ஸிலோ மூல நிரலிலிருந்து ஒரு மென்பொருளை நிறுவியவர்கள் ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று கட்டளைகளை வரிசையாகத் தட்டியிருப்பார்கள். அவற்றில் முதலாவது இயக்குவது இந்த ஸ்கிரிப்டைத்தான். பெரும்பாலான கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் கையால் எழுதப்படுபவை அல்ல; ஆட்டோகான்ஃப் என்னும் கருவி அவற்றை உருவாக்குகிறது.

மேக்

இரண்டாவது கட்டளையான மேக், முதலாவதைவிட வயதில் மூத்தது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. 1976 ஏப்ரலில் எழுதப்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட தேதி; 1977 என்று குறிப்பிடுவோரும் உண்டு. யாக் கருவியின் ஆசிரியரான ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் காலைப்பொழுது முழுவதையும், சரியாகவே இருந்த ஒரு நிரலில் பிழை தேடிச் செலவழித்தார். பிழை முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்புதான் மீண்டும் கம்பைல் செய்யப்படவில்லை. அந்தக் கோபத்தோடு அவர் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்தார். ஃபெல்ட்மனும் முந்தைய நாள் மாலை அதே தொல்லையில் மாட்டியிருந்தார். அந்த வார இறுதியில் மேக் பிறந்ததாக ஃபெல்ட்மனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், கோப்புகள் கடைசியாக மாறிய நேரங்களை ஒப்பிட்டு, பழையதாகிப்போனவற்றை மட்டும் மேக் மீண்டும் கட்டும். கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற அதன் விதி, புதிதாகக் கற்பவர்களை இன்றும் தடுக்கி விழச் செய்கிறது. லெக்ஸ் கருவியை அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்த ஃபெல்ட்மன், எளிதாக இருந்ததால் அப்படி வைத்தார். சில வாரங்களில் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகள் கெட்டுப்போகக் கூடாதென்று அவர் அதை மாற்றவில்லை. 2003-ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது மேக்குக்காக ஃபெல்ட்மனுக்கு வழங்கப்பட்டது.

கான்ஃபிகருக்கு முன்

எது பழையதாகிவிட்டது என்பது மேக்குக்குத் தெரியும். நிரல் வந்து இறங்கியிருக்கும் கணினியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. யூனிக்ஸ் ஒரே குடும்பமாக இருந்தவரை அது குறையாகத் தெரியவில்லை. 1980களில் பெர்க்லியின் பி.எஸ்.டி. ஒரு கிளை, ஏ.டி.&டி.யின் சிஸ்டம் 5 இன்னொரு கிளை என்று பிரிந்து, கணினி விற்ற ஒவ்வொரு நிறுவனமும் இரண்டையும் தன் விருப்பப்படி கலந்தபோது நிலைமை மாறியது. ஒரு சரத்தில் ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடும் செயற்கூறு பி.எஸ்.டி.யில் ‘இண்டெக்ஸ்’; சிஸ்டம் 5-இல் ‘ஸ்ட்ரசிஎச்ஆர்’. அவற்றை அறிவிக்கும் தலைப்புக் கோப்பின் பெயரே ஓரிடத்தில் ‘ஸ்டிரிங்’, இன்னோரிடத்தில் ‘ஸ்டிரிங்ஸ்’. முனையத்தைக் கையாளும் முறை முற்றிலும் வேறு. நிரலை வாங்கியவர் மேக்ஃபைலைத் திறந்து, தன் கணினிக்குப் பொருந்தும் வரிகளின் குறியை நீக்கி, பொருந்தாதவற்றுக்குக் குறி போட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

இந்த வேலையை ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்த முதல் ஆள் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பரவலாகச் சுட்டப்படுபவர், பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால். செய்திக்குழுக்களைப் படிக்க அவர் எழுதிய ஆர்என் நிரலோடு 1980களின் நடுப்பகுதியிலேயே ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வந்தது. அத்தகைய ஸ்கிரிப்டுகளை உருவாக்கும் கருவிக்கு மெட்டாகான்ஃபிக் என்று பெயர். வாலின் ஸ்கிரிப்ட் பயனரோடு பேசும்; ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருக்கும். வி.எம்.எஸ். இயங்குதளத்தின் மேல் யூனிக்ஸ் போல நடிக்கும் யூனிஸ் என்ற அமைப்பு அந்தக் கணினியில் ஓடவில்லை என்று கண்டறிந்தால், பயனரை வாழ்த்தவும் செய்யும்.

எக்ஸ் சாளர அமைப்பு, சி முன்செயலியைக் கொண்டு மேக்ஃபைல் தயாரிக்கும் ஐமேக்கைப் பின்பற்றியது. சிக்னஸ் நிறுவனத்தில் ரிச்சர்ட் பிக்ஸ்லி எழுதிய ஸ்கிரிப்டும், ஜி.சி.சி. கம்பைலருக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியதும், கணினியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்கு உரிய அமைப்புகளை அட்டவணையிலிருந்து எடுத்தன.

ஆட்டோகான்ஃப்: 1991–1994

இந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி மற்ற எல்லாக் காலங்களையும்விட விரிவான பதிவு கிடைத்திருப்பதற்கு ஒரே காரணம், ஆட்டோகான்ஃபை எழுதிய டேவிட் மெக்கன்சி அதன் கையேட்டிலேயே வரலாற்றையும் ஓர் அத்தியாயமாக எழுதி வைத்ததுதான். ஆதியாகமம் முதல் உபாகமம் வரை விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களின் பெயர்களை அதன் உட்தலைப்புகளாக வைத்திருக்கிறார். ஒரு கருவிக்கு உதவியவர் ஒவ்வொருவரும் என்ன கொடுத்தார் என்று இத்தனை அக்கறையாகச் சொல்லும் கையேடுகள் அரிது.

1991 ஜூனில் மெக்கன்சி, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகப் பல க்னூ கருவிகளைப் பராமரித்து வந்தார். மேக்ஃபைலில் பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் சுமார் 20 ஆகப் பெருகியிருந்தன. அவற்றில் சிலவற்றைத் தானே ஊகித்துக்கொள்ளும் சிறு ஷெல் ஸ்கிரிப்டை எழுதி, கோப்புகளைக் கையாளும் கட்டளைகளின் தொகுப்பான ஃபைல்யூட்டில்ஸ் 2.0 பதிப்போடு வெளியிட்டார். அது நன்றாக வேலை செய்ததால், அடுத்த மாதமே மற்றத் தொகுப்புகளுக்கும் அதைக் கையால் மாற்றி எழுதினார். ஒரு ஸ்கிரிப்டில் செய்த திருத்தத்தை ஈமேக்ஸில் வெட்டி ஒட்டி மற்ற எல்லாவற்றிலும் செய்துகொண்டிருந்தபோது, க்னூ வரைகலைக் கருவிகளின் ஆசிரியர் ரிச் மர்ஃபியிடமிருந்து கடிதம் வந்தது. இந்த ஸ்கிரிப்டுகளை உருவாக்கும் கருவியைத் தனக்கும் அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டிருந்தார். அப்படி ஒரு கருவி அப்போது இல்லை. அந்தக் கேள்விதான் அதை எழுத வைத்தது.

ஏற்கெனவே இருந்த மெட்டாகான்ஃபிக்கை மெக்கன்சி ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது பின்னர் விவாதிக்கப்பட்டது. அது கேள்வி கேட்டு நிறுத்துவது அவருக்கு வசதிப்படவில்லை. அவர் பார்த்த ஸ்கிரிப்டுகள் அன்றைய புதிய அமைப்புகள் பலவற்றில் ஓடவும் இல்லை. மெட்டாகான்ஃபிக் தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வந்தது அப்போது தனக்குத் தெரியாது என்றும் அவரே எழுதியிருக்கிறார். தெரிந்திருந்தால் ஆட்டோகான்ஃப் பிறந்திருக்குமா என்பதில் கருத்து வேறுபடலாம்.

கான்ஃபிகரின் வார்ப்புருவை விரித்து எழுதுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது எம்4 என்னும் பழைய யூனிக்ஸ் மேக்ரோ செயலி. பெர்லையும் எண்ணிப் பார்த்தார். உரையை உரையால் மாற்றும் வேலைக்கு எம்4 இயல்பாகப் பொருந்தும், எல்லாரிடமும் இருக்கும் என்று முடிவு செய்தார். இந்தத் தேர்வின் விளைவை எல்லாரும் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. எம்4-இன் மேற்கோள் விதிகளே ஆட்டோகான்ஃபைக் கற்கவிடாமல் தடுக்கின்றன என்பது நீண்டகாலக் குற்றச்சாட்டு. கான்ஃபிகரை ஓட்டும் பயனருக்கு எம்4-ஓ ஆட்டோகான்ஃபோ தேவையில்லை, ஒரு ஷெல்லும் கம்பைலரும் சில சாதாரணக் கட்டளைகளும் போதும் என்பது எதிர்வாதம். முதலில் கருவிக்கு வைத்த பெயர் ஆட்டோகான்ஃபிக். பதிப்பு எண்ணையும் சேர்த்தால் பழைய யூனிக்ஸ் கோப்பு முறைமைகளின் பெயர் வரம்புக்குள் அது அடங்காது என்பதால் கடைசி எழுத்துகள் வெட்டப்பட்டன.

1991 இலையுதிர்காலத்தில் சோதனையாளர் குழு ஒன்று கூடியது. எம்4-ஐ இயக்கி, விரியாமல் நின்றுபோன மேக்ரோக்களைப் பிடிக்கும் ஸ்கிரிப்ட் ஃபிரான்சுவா பினாரின் யோசனை. கார்ல் பெரி, டெக் அச்சுக்கோப்பு அமைப்புக்கு இதைப் பொருத்திக் காட்டினார். இயன் லான்ஸ் டெய்லர் தன் யு.யு.சி.பி. நிரலுக்காக, சோதனை முடிவுகளை மேக்ஃபைலில் திணிக்காமல் ஒரு தலைப்புக் கோப்பில் எழுதும் வழியைச் சேர்த்தார்; இன்று பல சி திட்டங்களில் காணப்படும் ‘கான்ஃபிக்’ தலைப்புக் கோப்பு ஆட்டோகான்ஃபுக்குள் வந்தது இப்படித்தான்.

எல்லாவற்றிலும் பெரிய யோசனை பிக்ஸ்லியுடையது. ஒரு தலைப்புக் கோப்பு இருக்கிறதா என்று வட்டில் தேடாமல், கம்பைலரையே ஓட்டிப் பாருங்கள் என்றார் அவர். கோப்பு வட்டில் இருந்தும் கம்பைலர் அதைக் காணாமல் போகலாம். கண்டாலும் அது வேறொரு கோப்பைக் கேட்டுத் தடுமாறலாம். அட்டவணையில் எழுதியிருப்பதும் வட்டில் கிடப்பதும் சாட்சி ஆகாது. கம்பைல் ஆகிறதா என்பதே சாட்சி.

கான்ஃபிகரை ஓட்டினால் திரையில் சரசரவென்று ஓடும் வரிகளில் பெரும்பாலானவை இந்த முறையில் கேட்கப்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘கான்ஃப்டெஸ்ட்’ என்ற பெயரில் ஒரு குட்டிச் சி நிரல் எழுதப்படுகிறது, கம்பைல் செய்யப்படுகிறது, விடை குறித்துக்கொள்ளப்படுகிறது, நிரல் அழிக்கப்படுகிறது. ஒரு செயற்கூறு நூலகத்தில் உள்ளதா என்று பார்க்கும் சோதனை தனி அழகுடையது. அந்தச் செயற்கூறு உண்மையில் எந்த வகை மதிப்பைத் தந்தாலும் சரி, அது ஒற்றை எழுத்தைத் திருப்பித் தருவதாகவே குட்டி நிரல் அறிவித்துவிடுகிறது. உண்மையான வடிவத்தை அறிய வேண்டுமானால் தலைப்புக் கோப்பு வேண்டும்; அதுவோ இன்னும் சோதிக்கப்படாதது. நூலகத்தோடு இணைகிறதா என்பது மட்டுமே இங்கே கேள்வி என்பதால், பொய்யான அறிவிப்பு போதுமானதாகிறது.

முதல் பதிப்பு 1992 ஜூலையில் வெளிவந்தது. க்னூவுக்கு வெளியே டிசிஎல் மொழியும் கெர்பரோஸ் 5 பாதுகாப்பு அமைப்பும் அதை எடுத்துக்கொண்டன. ஆட்டோகான்ஃபின் மேக்ரோக்கள் நீளமாக இருந்ததால், யூனிக்ஸோடு வந்த எம்4 நிரல்கள் நினைவகப் பிழையில் விழுந்தன. கடைசியில் க்னூ எம்4 கட்டாயமாயிற்று. ஜிம் பிளாண்டி ஈமேக்ஸையும், ராலண்ட் மெக்ராத் க்னூ சி நூலகத்தையும் இதற்குள் கொண்டுவந்தார்கள். 1993 பிப்ரவரி முதல் ஜூன் வரை மெக்கன்சிக்கு இந்த வேலையே சலித்துப்போயிருந்தது. அந்த மாதங்களில் பிழைகளைத் திருத்தியவர்களில் முன்னின்றவர்கள் மெக்ராத்தும் நோவா ஃப்ரீட்மனும்.

1994 ஏப்ரலில், சிக்னஸில் பணியாற்றியபடி, மெக்கன்சி முழுத் திருத்தத்தைத் தொடங்கினார். சிக்னஸ் ஸ்கிரிப்டின் அட்டவணை முறை இப்போது ஆட்டோகான்ஃபுக்குள் நுழைந்தது: செயலி, நிறுவனம், இயங்குதளம் என்று கணினிக்கு மூன்று பகுதிப் பெயர் சூட்டும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ஒரு கணினியில் அமர்ந்து இன்னொரு வகைக் கணினிக்கு நிரல் கட்டும்போது சோதனை நிரலை ஓட்டிப் பார்க்க முடியாது. அங்கே பெயரைக் கொண்டு ஊகிப்பதைத் தவிர வழியில்லை. இப்படிச் சோதனையும் அட்டவணையும் அருகருகே அமர்ந்த 2.0 பதிப்பு அதே ஆண்டு இறுதியில் வந்தது.

துணைகளும் மாற்றுகளும்

மேக்ஃபைல் வார்ப்புருவை எழுதித் தரும் ஆட்டோமேக்கை மெக்கன்சி தொடங்க, டாம் ட்ரோமி பெர்லில் மாற்றி எழுதினார். பகிர்வு நூலகங்களுக்கான லிப்டூலை கோர்டன் மாட்சிக்கைட் எழுதினார். மூன்றும் சேர்ந்து ஆட்டோடூல்ஸ் எனப்பட்டன. எக்ஸ் சாளர அமைப்பு 2005 டிசம்பரில் 7.0 வெளியீட்டோடு ஐமேக்கை விட்டு இவற்றுக்கு மாறியது. 2001-இல் வந்த ஆட்டோகான்ஃப் 2.50 பழைய ஸ்கிரிப்டுகள் பலவற்றோடு ஒத்துப்போகவில்லை. மொசில்லா போன்ற திட்டங்கள் 1999-இன் 2.13 பதிப்பிலேயே பல்லாண்டு தங்கிவிட்டன.

லினக்ஸ் கெர்னல் ஆட்டோகான்ஃபைப் பயன்படுத்தியதில்லை. எது வேண்டும் என்பதை அங்கே பயனரே பட்டியலில் தேர்ந்தெடுக்கிறார். 2002 முதல் அதற்கு கேகான்ஃபிக் மொழி உள்ளது.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆதரவோடு உருவான ஐ.டி.கே. மருத்துவப் படச் செயலாக்கத் திட்டத்துக்காக, கிட்வேர் நிறுவனத்தில் பில் ஹாஃப்மனும் சகாக்களும் சிமேக்கை எழுதினார்கள். விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. 2006-இல் கே.டி.இ. திட்டம் அதைத் தேர்ந்தெடுத்தபின் பெரும்பரவல் பெற்றது. 2012 இறுதியில் ஜுசி பக்கனென் தொடங்கிய மெசான், நிஞ்ஜா என்னும் வேகமான கருவியை மேக்கின் இடத்தில் வைத்தது. க்னோம், சிஸ்டம்டி, எக்ஸ் ஆகியவை அதற்கு மாறின. சிமேக், மெசான் இரண்டும் குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும் முறையைக் கைவிடவில்லை.

அண்மைக்காலம்

2012-இல் வந்த 2.69 பதிப்புக்கு அடுத்த 2.70, எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2020 டிசம்பரில் வெளியானது.

2023-இல் கிளாங் 16 கம்பைலரும், 2024-இல் ஜி.சி.சி. 14-உம், அறிவிக்காத செயற்கூற்றை அழைப்பதைப் பிழையாகக் கொள்ளத் தொடங்கின. அதுவரை எச்சரிக்கையோடு தப்பிய பழைய சோதனை நிரல்கள் கம்பைல் ஆகாமல் போயின. கான்ஃபிகருக்கு அது பிழையாகத் தெரியாது. ‘இல்லை’ என்ற விடையாகவே தெரியும். இருக்கும் வசதியை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

அந்த மௌனத்தை வேண்டுமென்றே பயன்படுத்திய நிகழ்வு 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்ஸெட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். பொதுக் களஞ்சியத்தில் இல்லாத ஓர் எம்4 கோப்பு வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது அது, சோதனைக் கோப்புக்குள் ஒளித்திருந்த ஸ்கிரிப்டை எடுத்து இயக்கியது. அதே எக்ஸ்ஸெட்டின் சிமேக் கோப்பில், லாண்ட்லாக் என்னும் கெர்னல் பாதுகாப்பு வசதியைத் தேடும் குட்டி நிரலுக்குள் ஒரு தனிப் புள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எங்கும் லாண்ட்லாக் இல்லை என்றே முடிவு வரும்.

ஆட்டோகான்ஃப் 2.72 பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு வெளியான போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளம், மெசானைச் சேர்த்துக்கொண்டது, கான்ஃபிகரையும் வைத்திருக்கிறது.