மலைக்கு மலை

தாம்பரம் ரயிலில் செல்வோர்க்குப் பரங்கிமலை தோமையாரின் ஞாபகத்தையே எழுப்பும். ஆயினும் கும்பினி ஆட்சியில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக விளங்கிய அம்மலையின் அருகில்தான், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, 1802 ஏப்ரலில் நூறடி எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, உஷ்ணத்தால் அது நீளும் அளவையும் கணக்கிட்டு, பெரும்பாக்கம் குன்றின் திசையில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரரேகையை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து விரிந்த முக்கோணங்கள் பின்னாளில் இமயம் வரை சென்றன. நோக்கம் பூமியை அளப்பதே; எனினும் ஒரு நிலையம் மறுநிலையத்தின் பார்வைக்குப் புலப்பட வேண்டும் என்ற நியதி படைச்செய்திக்கும் பொருந்துவதாயிற்று.

1869-ல் கராச்சியில் ஹென்றி மான்ஸ் அமைத்த ஹீலியோகிராஃப், சூரிய ஒளியைக் கண்ணாடியால் மினுக்கி, மலைக்கு மலை மோர்ஸ் சங்கேதங்களை அனுப்பியது. ஐப்பசி மழையில் அது முகம் பார்க்கவே உதவும்! தவிர, இடைநிலையம் ஒன்று வீழ்ந்தால் தொடரே அறும்.

இக்குறை நேராதபடி, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியாளர் 1970-களில், ஒவ்வொரு வானொலிக் கருவியும் பிறர் செய்தியை ஏந்தி அடுத்ததற்குக் கடத்தவும், ஒன்று அழிந்தால் மாற்றுவழியைத் தானே தேடவும் வகைசெய்து, 1976-ல் கலிபோர்னியாவில் ஒரு வேனிலிருந்து அதனைச் சோதித்தனர். ஆனால், ஒலிபரப்பும் கருவியின் திசையை எதிரி கண்டறியலாம். ஒளி குறிவைக்கப்பட்டவன் கண்ணுக்கே பெரிதும் தெரிந்த கண்ணாடிக்கு அவ்வச்சம் குறைவு.