ஏன் ஆறு நாட்கள்?

கானா, நைஜீரியா, பிரேசில் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற உறவினர் உங்களுக்கு உண்டா? புறப்படுமுன் அவர் கிண்டி கிங் நிலையம் போன்றதோர் இடத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, மஞ்சள் அட்டையொன்றைப் பெற்றிருப்பார். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே அந்த அட்டை செல்லும். அட்டையின்றி இந்தியா திரும்புவோரை, அந்நாட்டிலிருந்து புறப்பட்டு 6 நாட்கள் ஆகும்வரை தனிமையில் வைப்பார்கள். அது என்ன ஆறு நாள் கணக்கு?

விடை கியூபாவில் இருக்கிறது. நோயாளியின் துணியும் படுக்கையுமே மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கொசுவே காரணம் என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் கூறினார், எவரும் ஏற்கவில்லை. அவருடைய சோதனைகளும் கைகொடுக்கவில்லை. நோயாளியைக் கடித்த கொசு, நோயைப் பரப்பும் நிலையை அடைய ஏறத்தாழ 12 நாட்கள் வேண்டும். அவர் அவ்வளவு காத்திருக்கவில்லை!

1900இல் வால்டர் ரீட் தலைமையில் வந்த அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு, ஃபின்லேயிடமிருந்தே கொசு முட்டைகளைப் பெற்று ஆராய்ந்தது. குழுவிலிருந்த ஜெஸ்ஸி லேசியர் கொசு கடித்து நோயுற்று, செப்டம்பர் 25 அன்று இறந்தார். வயது 34.

பிறகு அவர் பெயரால் ஒரு முகாம் அமைத்து, இரண்டு சிறு வீடுகள் கட்டினார்கள். ஒன்றில், நோயாளிகளின் அழுக்கேறிய படுக்கைகளில் தொண்டர்கள் 20 இரவுகள் உறங்கினர். நாற்றம் தாங்கவில்லை, நோய் மட்டும் வரவில்லை. சுத்தமான மற்ற வீட்டைக் கம்பிவலையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் மட்டும் கொசுக்களை விட்டார்கள். டிசம்பர் 21 அன்று ஜான் மோரன் என்ற இளைஞர் அதனுள் சென்று படுத்தார். கிறிஸ்துமஸ் அன்று காய்ச்சல் கண்டது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். வலைக்கு மறுபுறம் அதே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று இயற்பியல் வகுப்பில் நான் ஓயாமல் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கடிபட்ட நான்காம் நாள் மோரனுக்கு நோய் வந்தது, அல்லவா? பொதுவாக 3 முதல் 6 நாட்களுக்குள் அது வெளிப்பட்டுவிடும். ஆறு நாள் தனிமையின் கணக்கு இதுதான். இந்தியாவில் இந்நோய் பரவியதே இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டிகளில் ஏராளம். நோயுடன் ஒருவர் வந்திறங்கினால் போதும். கண்டிப்பு அதனால்தான்.

1937இல் மாக்ஸ் தைலர் உருவாக்கிய தடுப்பூசியே இன்றும் பயன்படுகிறது. அதற்காக அவர் 1951இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அது டெங்குவையோ சிக்குன்குனியாவையோ தடுக்காது. அவற்றைப் பரப்புவதும் இதே ஏடிஸ்தான். அது பகலில் கடிப்பது. இரவில் வலை கட்டிவிட்டுப் பகலில் அரைக்கைச் சட்டையுடன் திரிந்தால் பயனில்லை. முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு, சன்னல்களுக்குக் கம்பிவலை ஆகியவை தேவை. ஊர் திரும்பியபின் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். காய்ச்சல் நாட்களில் பகலிலும் வலைக்குள்ளேயே படுத்திருங்கள்.