வலியறிதலும் யமாட்டோவின் இரண்டு முடிவுகளும்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. வலிமையைக் காலத்தோடும் இடத்தோடும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை இந்த வைப்புமுறையே நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம். முதலாவதை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, ஏனைய இரண்டையும் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானின் யமாட்டோ என்னும் போர்க்கப்பலின் வரலாறு தக்க சான்று. கடலில் மூழ்கிய அக்கப்பல் பிற்காலத்தில் அனிமேத் தொடராக மீண்டெழுந்தது. அதன் முடிவு எவ்வாறு இருந்திருக்கவேண்டும் என்று இரசிகர்கள் வழக்காடினர். அவ்வழக்கும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.

1922இல் வாஷிங்டனில் கையெழுத்தான கடற்படை உடன்படிக்கை, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றின் பெரும் போர்க்கப்பல்களை 5:5:3 என்னும் விகிதத்தில் வரையறுத்தது. அமெரிக்காவின் அளவில் எழுபது விழுக்காடு வேண்டும் என்று ஜப்பானியக் கடற்படையில் ஒரு சாரார் வாதிட்டனர், கிடைத்தது அறுபது. இந்தப் பத்து விழுக்காட்டு மனக்குறை ஓர் அரசியலாகவே வளர்ந்தது. 1936இன் இறுதியில் ஜப்பான் உடன்படிக்கையிலிருந்து விடுபட்டது. எண்ணிக்கையில் ஈடுகொடுக்க இயலாதாயின் தனிக்கப்பலின் ஆற்றலால் விஞ்சுவோம் என்பது அவர்களுடைய கணக்கு. பனாமா கால்வாயின் அகலத்துக்குள் அடங்கவேண்டிய அமெரிக்கக் கப்பல்கள் அத்துணைப் பெரிய பீரங்கிகளைச் சுமக்கமாட்டா என்றும் அவர்கள் கருதினர்.

அவ்வாறு 1937இல் கூரே துறைமுகத்தில் கட்டத் தொடங்கப்பட்டதே யமாட்டோ. நீளம் 263 மீட்டர். முழுச் சுமையுடன் ஏறக்குறைய 72,000 டன். 46 செண்டிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிகள் ஒன்பது. உலகில் எந்தப் போர்க்கப்பலும் அதற்கு நிகரில்லை. 1941 டிசம்பர் 16 அன்று அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர், டிசம்பர் 10 அன்று, மலேயாவின் கிழக்குக் கடலில் பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பெரும் கப்பல்களை விமானங்கள் மூழ்கடித்திருந்தன. அவை ஜப்பானின் விமானங்களே! பெரும் பீரங்கிக் கப்பல்களின் காலம் முடிந்தது என்பதை உலகுக்கு மெய்ப்பித்தவர்களே அந்தக் காலத்தின் ஆகப்பெரிய கப்பலை அதே வாரத்தில் வரவேற்றனர். காலமறியாமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு உண்டோ?

தன்வலியை மிகைப்படுத்தும் பழக்கம் வேறு வகையிலும் வெளிப்பட்டது. 1942 மே மாதத்தில், மிட்வே தாக்குதலுக்கான ஒத்திகைப் போர்விளையாட்டு இதே யமாட்டோவில் நடைபெற்றது. எதிரியின் குண்டுகள் ஒன்பது இலக்கைத் தாக்கின என்று நடுவர் கூற, தளபதி உகாக்கி அதனை மூன்றாகக் குறைத்தார் என்றும், மூழ்கியதாகக் கொள்ளப்பட்ட ‘காகா’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அடுத்த கட்டத்தில் மீண்டும் களத்துக்கு வந்தது என்றும் ஃபுச்சிதா தம் நூலில் எழுதியுள்ளார். ஜூன் மாதத்து உண்மைப் போரில் ‘காகா’ உள்ளிட்ட நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. யமாட்டோவோ பல நூறு மைல்களுக்குப் பின்னால் இருந்தது. பின்னர் ட்ரக் தீவில் நெடுங்காலம் நங்கூரமிட்டுக் கிடந்த அதற்கு மாலுமிகள் ‘யமாட்டோ ஹோட்டல்’ என்று பெயரிட்டனர்.

எதிரிக் கப்பல்களை நோக்கி அதன் பெரும் பீரங்கிகள் முழங்கியது ஒரே முறைதான். 1944 அக்டோபர் 25, சமார் தீவருகே. எதிரே இருந்தவை ஆறு சிறு விமானந்தாங்கிக் கப்பல்களும் ஏழு காவற்கப்பல்களும் மட்டுமே. தம்மை நோக்கி வந்த டார்பிடோக்களைத் தவிர்க்க யமாட்டோ விலகி ஓடவேண்டியதாயிற்று. இறுதியில் ஜப்பானியப் படையே பின்வாங்கியது.

1945 ஏப்ரல் 6 அன்று, ஏறக்குறைய வான்காப்பே இன்றி, ஒரு க்ரூஸரும் எட்டு நாசகாரிக் கப்பல்களும் துணைவர ஒகினாவாவுக்குப் புறப்பட்டது யமாட்டோ. கரையில் தட்டி நின்று, கப்பலே கோட்டையாகி இறுதிவரை போரிட வேண்டும் என்பது கட்டளை. மறுநாளே நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் அதனை மூழ்கடித்தன. கப்பலில் இருந்த ஏறத்தாழ 3,300 பேரில் பிழைத்தோர் முந்நூறு பேர்கூட இல்லை. அமெரிக்கா இழந்தது பத்து விமானங்களையும் பன்னிரண்டு வீரர்களையும். இப்பாடம் பழையதாகிவிடவில்லை. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடற்படைத் தலைமைக் கப்பலான ‘மாஸ்க்வா’ மூழ்கியது. உக்ரைனுக்குச் சொல்லத்தக்க கடற்படையே அப்போது இல்லை. கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகளே அதனை வீழ்த்தின என்கிறது உக்ரைன்.

யமாட்டோவில் பிழைத்தவருள் ஒருவரான மிட்சுரு யோஷிதா அதன் இறுதியை நூலாக எழுதினார். அமெரிக்கத் தணிக்கையால் தடைப்பட்ட அந்நூல் 1952இல்தான் முழுமையாக வெளிவந்தது. இறுதிப் பயணத்தின்போது இளம் அதிகாரிகள், தம் சாவுக்கு என்ன பொருள் என்று சொற்போரிட்டதை அவர் பதிவுசெய்துள்ளார். தோற்று விழித்தெழுவதே ஜப்பானுக்கு வழி, அதற்கு நாம் முன்னோடிகளாவோம் என்று உசுபுச்சி என்னும் அதிகாரி கூறினாராம். ஆக, யமாட்டோவின் முடிவு பற்றிய விவாதம் முதலில் அக்கப்பலிலேயே எழுந்தது.

1974 அக்டோபரில் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்னும் அனிமேத் தொடர் தொடங்கியது. மூழ்கிய கப்பல் விண்கலமாகி, கதிரியக்கத்தால் அழியும் பூமியைக் காக்கும் கருவியைக் கொணரப் புறப்படுவது கதை. முதலில் பார்வையாளர் குறைவு. ஆனால் 1977இல் அது திரைப்படமாகத் தொகுக்கப்பட்டபோது இளைஞர்கள் இரவெல்லாம் வரிசையில் காத்திருந்தனர். 1978 ஆகஸ்டில் அடுத்த படம் வந்தது. அதில் பூமியின் புதிய பெருங்கப்பலான ஆண்ட்ரோமிடா, தன் பேராற்றல் அனைத்தோடும் எதிரியிடம் அழிகிறது. இறுதியில் நாயகன் கொடாய், இறந்துபோன காதலி யூக்கியை அருகில் இருத்தி, யமாட்டோவை எதிரிக்கலத்தின்மீது மோதச் செலுத்துகிறான்.

அரங்குகளில் கண்ணீர் பெருகியது. அதே வேளையில், இது தற்கொலைப் படையினரின் சாவை அழகுபடுத்துகிறது என்னும் கண்டனமும் எழுந்தது. படைப்பில் பங்குகொண்ட ஓவியர் லெய்ஜி மட்சுமொட்டோவுக்கே இம்முடிவு உடன்பாடில்லை. இளைஞர் வாழவேண்டும் என்பது அவர் நிலை. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அதே கதையை மீண்டும் சொல்லி, முடிவை மாற்றியது. அதில் கொடாயும் யூக்கியும் உயிர்பிழைக்கின்றனர். எது உண்மையான முடிவு என்று இரசிகர்கள் இரு அணிகளாயினர்.

கலை என்னும் அளவில் திரைப்படத்தின் முடிவே வலியது என்பாரை நாம் மறுக்கவில்லை. அவலச்சுவைக்கு அதுவே பொருத்தம். எனினும் நாம் தொலைக்காட்சித் தொடரின் பக்கமே நிற்கிறோம். யமாட்டோ என்னும் பெயர் கற்பனைப் பெயரன்று. அதன்பின் மூவாயிரம் பேரின் சாவு நிற்கிறது. டன்னையும் பீரங்கியின் வாய் அகலத்தையும் விழுக்காட்டையும் எண்ணியவர்கள் அந்த மூவாயிரம் பேரை எண்ணவில்லை. ‘இவர்கள் ஏன் சாகவேண்டும்?’ என்று 1978இல் வினவிய இரசிகர்கள், கடற்படைத் தலைமை 1945இல் கேட்கத் தவறிய கேள்வியையே கேட்டனர். படைவலியை எடைபோடும் தராசில் அக்கேள்விக்கும் ஒரு தட்டு வேண்டும்.