ஓசையிலிருந்து மௌனத்தை நோக்கி: டாக் டாக் குழுவின் பத்தாண்டுகள்

ஓர் எழுத்தாளரின் முதல் நூலையும் கடைசி நூலையும் பெயரை மறைத்து அருகருகே வைத்தால், இரண்டும் ஒருவர் கைப்பட்டவை என்று கண்டுகொள்வது பெரும்பாலும் கடினமன்று. நடை மாறியிருக்கும், பார்வை விரிந்திருக்கும். ஆனால் உள்ளே ஓடும் நரம்பு ஒன்றாகவே இருக்கும். ராக் இசையில் இது இன்னும் எளிது. ஏனெனில் அங்கே ஒரு குழுவின் ஒலி என்பது அதன் கலை அடையாளம் மட்டுமன்று, வணிக முத்திரையும் கூட. ரசிகன் அந்த முத்திரையை நம்பித்தான் அடுத்த இசைத்தட்டுக்குக் காசு கொடுக்கிறான்.

இந்த விதியை உடைத்த குழுக்கள் சிலவே. பீட்டில்ஸ் உடனே நினைவுக்கு வருவார்கள். ஆனால் பீட்டில்ஸ் மாறியபோது அவர்களுடைய ரசிகர்களும் உடன் மாறினார்கள். அந்தக் காலமே அவர்களோடு நடந்தது. நாம் இங்கே பேசப்போவது அதற்கு நேர்மாறான ஒரு வரலாறு. இங்கிலாந்தின் டாக் டாக் குழு 1982 முதல் 1991 வரை ஐந்தே ஐந்து இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. முதல் தொகுப்பு நடனக்கூடங்களுக்கு உரிய சின்தசைசர் பாப். கடைசித் தொகுப்புக்கு அது வெளிவந்த நாளில் பெயரே இல்லை. இடையில் கூட்டம் மெல்லக் கலைந்தது. நிறுவனம் நீதிமன்றப் படியேறியது. குழு மேடையை விட்டே நீங்கியது. இத்தனைக்குப் பிறகும் இன்று அக்குழுவைப் பற்றிப் பேசுவோர் பேசுவது அந்தக் கடைசி இரண்டு தொகுப்புகளைப் பற்றித்தான்.

வாடகைச் சட்டை

1981-இல் லண்டனில் குழு உருவானது. மார்க் ஹாலிஸ் பாடகர். லீ ஹாரிஸ் டிரம்ஸ். பால் வெப் பேஸ் கிடார். சைமன் ப்ரென்னர் விசைப்பலகை. அப்போது இங்கிலாந்தில் டுரான் டுரான் போன்ற குழுக்களின் காலம் தொடங்கியிருந்தது. இ.எம்.ஐ. நிறுவனம் டாக் டாக்கை ஒப்பந்தம் செய்துகொண்டு, டுரான் டுரானின் தயாரிப்பாளரான காலின் தர்ஸ்டனிடமே ஒப்படைத்தது. டுரான் டுரானின் நிகழ்ச்சிகளுக்கு முன்னிசைக் குழுவாகவும் மேடையேற்றியது. இரண்டு குழுக்களுக்கும் பெயர் இரட்டைக்கிளவியாக அமைந்ததையும் பத்திரிகைகள் விடவில்லை.

'தி பார்ட்டிஸ் ஓவர்' என்னும் முதல் தொகுப்பு 1982-இல் வந்து பிரிட்டிஷ் தரவரிசையில் 21-ஆம் இடம் வரை ஏறியது. இன்று கேட்கையில் அதில் ஏறத்தாழ எல்லாமே அக்காலத்தின் வாடகைச் சட்டையாகத் தெரிகிறது: பளபளக்கும் சின்தசைசர், துள்ளும் பேஸ், எண்ணி அடிக்கும் டிரம்ஸ். வாடகைக்கு வராத ஒன்று உண்டு. அது ஹாலிஸின் குரல். மகிழ்ச்சியான தாளத்தின் மேலும் அந்தக் குரல் ஏதோ ஒன்றை இழந்தவனின் குரலாகவே ஒலிக்கிறது. பின்னால் வந்த எல்லா மாற்றத்துக்கும் விதை அங்கேதான் கிடந்தது எனலாம்.

கழித்தல் தொடங்குகிறது

1983-இல் ப்ரென்னர் விலகினார். அந்த இடத்துக்கு வந்த டிம் ஃப்ரீஸ்-க்ரீன் குழுவின் உறுப்பினராக அறிவிக்கப்படவில்லை. புகைப்படங்களில் பெரும்பாலும் இருக்கமாட்டார். ஆனால் தயாரிப்பாளராகவும் ஹாலிஸோடு சேர்ந்து பாடல்களை இயற்றுபவராகவும் கடைசி வரை அவரே குழுவின் மறுபாதி. 1984-இல் வெளியான 'இட்ஸ் மை லைஃப்' தொகுப்பில் அவர் கைவண்ணம் தெரிகிறது. அதன் தலைப்புப் பாடல் சொந்த நாட்டில் 46-ஆம் இடத்தோடு நின்றது; ஆனால் ஐரோப்பாக் கண்டம் குழுவை வாரி அணைத்துக்கொண்டது. 'சச் எ ஷேம்' பாடல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளில் பெரும் வெற்றி பெற்றது.

1986-இல் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' வந்தது. இங்கேதான் ஒலி திரும்புகிறது. சின்தசைசர் பின்வாங்குகிறது, பியானோ, ஆர்கன், கிடார், சிறுவர் குரல்கள் என மனித மூச்சும் விரலும் பட்ட ஓசைகள் முன்வருகின்றன. ஸ்டீவ் வின்வுட் போன்ற மூத்த கலைஞர் வந்து ஆர்கன் வாசிக்கிறார். பாடல்கள் நீள்கின்றன; ஆனால் நெரிசல் குறைகிறது. பிரிட்டனில் 8-ஆம் இடம். குழுவின் புதிய தொகுப்புகளில் மிக நன்றாக விற்றது இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றம் தோல்வியிலிருந்து பிறக்கவில்லை. புதிய வழி சந்தையிலும் வென்றது. அந்த வெற்றி ஈட்டித் தந்த பணமும் நம்பிக்கையும்தான் அடுத்த தொகுப்புக்குக் கணக்குக் கேட்காத கால அவகாசத்தை ஹாலிஸுக்கு வழங்கின. கலைஞனின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கான செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அந்த ஆண்டு இசைப்பயணத்தோடு குழு மேடை நிகழ்ச்சிகளை முற்றாக நிறுத்திக்கொண்டது.

இருட்டறை

1987-இல் லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் அடுத்த தொகுப்பின் பணி தொடங்கியது. கிட்டத்தட்ட ஓராண்டு நீடித்தது. ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன் பின்னாளில் தம் நினைவுக்குறிப்பு நூலில் அந்த நாள்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கூடம் இருட்டாக்கப்பட்டது. எண்ணெய்ச் சக்கரம் சுழலும் ஒரு படவீழ்த்தியின் வண்ணக் கசிவே பெரும்பாலும் வெளிச்சம். வெளியே பகலா இரவா என்று தெரியாத நிலையில் வேலை நடந்தது.

விருந்தினர்களாகக் கலைஞர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். டபுள் பேஸ் வாசிக்க டேனி தாம்ப்சன். வயலினுக்கு நைஜல் கென்னடி. ட்ரம்பெட்டுக்கு ஹென்றி லோதர். ஹார்மோனிகாவுக்கு மார்க் ஃபெல்தம். வாசிக்க வேண்டிய இசைக்குறிப்பு எதுவும் அவர்கள் கையில் தரப்படாது. இருட்டில், காதில் விழும் சிறு துணுக்குக்கு மனம்போனபடி எதிர்வினை ஆற்ற வேண்டும். மணிக்கணக்கில் வாசித்ததில் சில நொடிகள் மட்டும் தேர்ந்து எடுக்கப்படும், மற்றவை நீக்கப்படும். பிறகு அந்த நொடிகளை ஹாலிஸும் ஃப்ரீஸ்-க்ரீனும் பிரவுனும் ஒன்றோடொன்று இசைய அடுக்குவார்கள். கேட்பவருக்கோ எல்லோரும் ஓர் அறையில் கூடி அமர்ந்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிப்பது போலவே தோன்றும்.

இப்படி உருவான 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' 1988 செப்டம்பரில் வெளியானது. ஆறே உருப்படிகள். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் மூன்றும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக இருபது நிமிடங்களுக்கு மேல் செல்கின்றன. தொடக்கத்தில் இரண்டு நிமிடங்களுக்குப் பாடலும் இல்லை, தாளமும் இல்லை. தொலைவில் ஒரு ட்ரம்பெட், நரம்பிசையின் மெல்லிய படலம், எங்கோ ஏதோ உராயும் ஓசை. பிறகுதான் ஒரு கிடார் தயங்கித் தயங்கி வருகிறது. அதன் பிறகு திடீரென எழும் ஹார்மோனிகா, கிழிபடும் துணிபோல அலறுகிறது. மறுகணம் அமைதி. அந்த அமைதி வெற்றிடமாக இல்லை. முந்தைய ஓசை அதற்குள் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் வரும் 'ஐ பிலீவ் இன் யூ' ஹெராயின் பழக்கத்தின் அழிவைப் பற்றியது. ஆனால் அதில் அறிவுரையும் கண்டனமும் இல்லை. செம்ஸ்ஃபோர்டு தேவாலயப் பாடகர் குழுவின் குரல்கள் மெல்ல மேலெழ, பாடல் துயரத்தைக் கடந்து வேறெங்கோ சென்றுவிடுகிறது.

வழக்கும் திரட்டும்

வானொலிக்கு ஏற்ற பாடல் ஒன்றுகூட இல்லாத தொகுப்பை வைத்துக்கொண்டு இ.எம்.ஐ. திகைத்தது. ஒரு பாடலைச் சுருக்கி வெளியிட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. தொகுப்பு 19-ஆம் இடம் வரை சென்றது என்பதே இன்று வியப்பளிக்கிறது. இதற்கிடையே ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டா என்ற வழக்கு எழுந்தது. மேல்முறையீட்டில் குழுவே வென்று விடுதலை பெற்றது.

வரலாற்றின் குறும்பு இதற்குப் பின்தான் தொடங்குகிறது. 1990-இல் இ.எம்.ஐ. பழைய பாடல்களைத் தொகுத்து 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்ற திரட்டை வெளியிட்டது. அது பிரிட்டனில் 3-ஆம் இடம் பிடித்தது. குழு எழுதிய எந்தப் புதிய தொகுப்பும் தொடாத உயரம். ஆறாண்டுகளுக்கு முன் 46-இல் நின்ற 'இட்ஸ் மை லைஃப்' மறுவெளியீட்டில் 13-க்கு ஏறியது. அடுத்து, குழுவின் இசைவின்றிப் பழைய பாடல்களை மறுகலவை செய்து இன்னொரு தொகுப்பும் வந்தது. இம்முறை வழக்குத் தொடுத்தது குழு, வெற்றியும் அதற்கே.

நிறுவனத்தை வில்லனாக்கி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தத் திரட்டை வாங்கியவர்கள் யார்? ரசிகர்கள்தாம். 1984-இன் டாக் டாக்கை நேசித்தவர்கள் 1990-இலும் அதையே நேசித்தார்கள். அவர்கள் நேசம் பொய்யானதன்று. ஒரு குறிப்பிட்ட ஒலியில் அவர்களது இளமை பதிந்திருந்தது. அதை மீட்டுத் தர ஹாலிஸ் மறுத்தார், நிறுவனம் தந்தது. அவ்வளவே.

எஞ்சியது

1991 செப்டம்பரில், போலிடார் வழியாக வெர்வ் என்னும் பழம்பெரும் ஜாஸ் முத்திரையின் கீழ் 'லாஃபிங் ஸ்டாக்' வெளிவந்தது. பால் வெப் அதற்குள் விலகிவிட்டார். அதே கூடம், அதே இருட்டு, அதே ஒலிப்பதிவாளர். பதிவானதில் மிகப் பெரும் பகுதி அழிக்கப்பட்டது. முதல் உருப்படி, கிடார் ஒலிபெருக்கியின் வெறும் இரைச்சலோடு தொடங்குகிறது. யாரோ வாசிக்கப் போகிறார் என்ற எதிர்பார்ப்பே அங்கே இசையாகிறது. 'அசென்ஷன் டே' உச்சத்தை நோக்கி ஏறிச் செல்கையில் கத்தரியால் வெட்டியதுபோல நின்றுவிடுகிறது. 'நியூ கிராஸ்' பாடலில் லீ ஹாரிஸ் ஒரே தாளக்கட்டை ஒன்பது நிமிடங்களுக்கு மேல் கொண்டுசெல்கிறார். அதன் மீது கிடார் மழைநின்ற இலையிலிருந்து சொட்டும் நீர்போல விட்டுவிட்டு விழுகிறது. தொகுப்பு 26-ஆம் இடத்தோடு நின்றது. குழுவும் அத்தோடு முடிந்தது.

ஹாலிஸ் 1998-இல் தம் பெயரிலேயே ஒரு தனித்தொகுப்பு வெளியிட்டார். முழுக்க மின்சாரம் தீண்டாத இசைக்கருவிகள். ஒரு சுரத்தைச் சரியாக வாசிக்கக் கற்காமல் இரண்டாவதைத் தொடக்கூடாது என்பதும், இசையைவிட மௌனம் மேலானது என்பதும் அவர் நேர்காணல்களில் வலியுறுத்தியவை. சொன்னபடியே அவரும் மௌனமானார். குடும்பத்தோடு வாழ்வதைத் தேர்ந்து இசையுலகிலிருந்து ஒதுங்கினார். 2019 பிப்ரவரியில், தம் 64-ஆம் வயதில் மறைந்தார்.

ரசிகன் எதற்கு விசுவாசமாக இருக்கிறான்?

நாம் இக்குழுவைத் தலைகீழாக அறிந்தோம். 2003-இல் நோ டவுட் குழு 'இட்ஸ் மை லைஃப்' பாடலை மறுபடைப்புச் செய்தது. அதைக் கேட்டு மூலத்துக்குச் சென்றோம். மூலத்திலிருந்து 'லாஃபிங் ஸ்டாக்'குக்குத் தாவினோம். எனவே காத்திருந்து ஏமாந்த ரசிகனின் வலி நமக்கு நேரவில்லை. 1988-இல் கடைக்கு ஓடி 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வாங்கி, நடனப் பாடலை எதிர்பார்த்து ஊசியை வைத்தவனின் நிலையை நாம் கற்பனைதான் செய்ய முடியும். அவனுக்கு அது துரோகமாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் ஐந்தையும் வரிசையாகக் கேட்கும் வாய்ப்பு அவனுக்கு அன்று இல்லை, நமக்கு இருக்கிறது. அப்படிக் கேட்கையில் புலப்படுவது முறிவன்று, இடைவிடாத ஒரு கழித்தல். முதலில் பளபளப்பு போகிறது; பிறகு சின்தசைசர்; பிறகு மேடை; பிறகு பல்லவி-சரணம் என்ற கட்டமைப்பு; இறுதியில் குழுவே போகிறது. எல்லாம் போன பின்னும் எஞ்சுவது, முதல் தொகுப்பிலேயே ஆடை பொருந்தாமல் நின்ற அந்தக் குரல். ரசிகன் நேசிப்பது ஒலியையா, அந்த ஒலியை உடுத்தியிருந்தவரையா என்ற கேள்விக்கு இந்த வரிசையே விடை தரக்கூடும்.

போஸ்ட்-ராக் என்று ஒரு வகைமை 1990-களின் நடுவில் பெயர் பெற்றபோது, விமர்சகர்கள் பின்னோக்கித் திரும்பி அதன் ஊற்றுக்கண்களுள் ஒன்றாக இந்த இரண்டு தொகுப்புகளைச் சுட்டினார்கள். பெயர் பின்னால்தான் வந்தது. கேட்கும் செவிகளும் அப்படித்தான் வந்தன.

புதிதாகக் கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு பரிந்துரை. 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'கிலிருந்து தொடங்குங்கள். அது இரு கரைகளையும் காட்டும் பாலம். அடுத்து 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. அதை வேலைக்கு நடுவே ஓடவிட வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, முதல் இரண்டு நிமிடங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிடார் வரும்.